போர்டில் நான் எழுதிய வரி நிற்கிறது, பணம்தான் வரவில்லை... வேலையை விடலாமா?

கோவையிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு 29 வயது. ஒரு டிஜிட்டல் விளம்பர ஏஜென்சியில் காப்பிரைட்டராக இருக்கிறார். கைக்கு வரும் சம்பளம் 42,000 ரூபாய். வருகிற பிப்ரவரி 10-ம் தேதி அங்கே ஐந்து வருடம் நிறைவடைகிறது. இரண்டு வருடமாக இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வெளி வேலை எடுத்து எழுதுகிறார். வார்த்தைக்கு 1 ரூபாய் 25 காசு. அதில் மாதம் பதினைந்தாயிரம் போல வருகிறது.

ஏப்ரலில் ஒரு நகைக் கடைக்கு அட்சய திருதியை விளம்பரம் எழுதிக் கொடுத்தார். ஒரு டேக்லைன், 14 சோஷியல் மீடியா போஸ்ட், இரண்டு ரேடியோ ஸ்கிரிப்ட், வெப்சைட்டுக்கு ஆறு பக்கம். இதற்கு மட்டும் மொத்தமாக 68,000 என்று பேசியிருந்தார்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லை, எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். 'சின்ன மாத்தம்தான்மா' என்று பதினொரு முறை திருத்தி வாங்கினார்கள். அவர் எழுதிய அந்த நான்கு சொல் டேக்லைன் காந்திபுரத்தில் ஹோர்டிங்காக நின்றது. ஐந்து மாதமாகப் பணம் கேட்டால் 'அக்கவுண்ட்ஸ்ல சொல்லியிருக்கேன்' என்பதுதான் பதில்.

இதற்கிடையில் திருப்பூரைச் சேர்ந்த குழந்தைகள் உடை பிராண்ட் ஒன்று மாதம் 35,000 ரூபாய் ரீடெய்னர் (தொடர்ந்து எழுத மாதா மாதம் தரும் நிலையான தொகை) தருவதாக அழைக்கிறது. ஒரு வருடம் முன்புவரை அவர்கள் ஏஜென்சியின் கிளையன்ட். 'விலகிய பின் இரண்டு ஆண்டுகளுக்கு எங்கள் வாடிக்கையாளர்களுக்கோ போட்டி நிறுவனங்களுக்கோ வேலை செய்யக் கூடாது' என்று நியமனக் கடிதத்தில் இருக்கிறது. சர்க்கரை நோய்க்கான மூலிகைப் பொடிக்கு எழுத 15,000 தருவதாக இன்னொருவர் சொல்கிறார். வீட்டுச் செலவு மாதம் 38,000, சேமிப்பு 1,10,000. சர்க்கரை நோய் உள்ள அம்மா, அலுவலக குரூப் இன்ஷூரன்ஸில் இருக்கிறார். 'என் வரிக்குக் காப்புரிமை உண்டல்லவா? உத்யம் என்ற அரசின் சிறு தொழில் பதிவைச் செய்து பாக்கியை வட்டியோடு வாங்கலாமா? கடையின் பெயரைப் போட்டு லிங்க்ட்இனில் எழுதிவிடட்டுமா? ராஜினாமா மெயில் டிராஃப்டில் இருக்கிறது, அனுப்பலாமா?' என்று கேட்டிருக்கிறார்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எழுத்தைப் பற்றி உங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அடிபடுவது காகிதத்தில். யார் எதற்கு ஒப்புக்கொண்டார்கள், எப்போது பணம், யாருக்கு உரிமை என்பது எதுவும் எழுத்தில் இல்லை. ஊருக்கே விளம்பரம் எழுதித் தரும் உங்கள் கையில் உங்களுக்கான ஒரு பக்க ஒப்பந்தம் இல்லை. அது சரியாகாமல் வேலையை விட்டால், இன்று ஒரு நகைக் கடையிடம் படும் பாட்டை நாளை நாலு பேரிடம் பட வேண்டியிருக்கும்.

முதலில் அந்த 68,000

லிங்க்ட்இன் பதிவு வேண்டாம். கடை பெயரைப் போட்டு 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று எழுதினால், அவர்கள் அவதூறு நோட்டீஸ் அனுப்ப ஒரு காரணம் கிடைக்கும். பணம் தர வேண்டியவர் புகார் செய்பவராக மாறிவிடுவார். நீங்கள் நிரூபிக்க வேண்டியது ஒன்றாக இருந்தது இரண்டாகிவிடும்.

உத்யம் விஷயத்தில் ஒரு திருத்தம். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம் உங்களைப் போன்ற தனிநபர் சேவை வழங்குநருக்கும் பொருந்தும் என்பது சரி. ஆனால் வேலையை முடித்துக் கொடுத்த பிறகு பதிவு செய்துவிட்டு, பழைய பாக்கிக்கும் அந்தச் சட்டத்தின் வட்டியைக் கேட்பது நிற்காது என்பதே 2022-ல் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை. ஆகவே உத்யம் பதிவு இனிமேல் வரும் வேலைகளுக்கான குடை. இந்த ஏப்ரல் வேலைக்கு வேறு வழிதான்.

அந்த வழியும் பலவீனமானதல்ல. ஒப்பந்தம் எழுத்தில் இல்லாவிட்டால் உரிமையே இல்லை என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை. 'மொத்தம் 68 ஓகேவா' என்று நீங்கள் கேட்டு, 'ஓகே மா, ஸ்டார்ட் பண்ணுங்க' என்று அவர்கள் பதில் போட்டிருந்தால் அதுவே ஒப்பந்தம். அதற்கும் மேல், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 70 இருக்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்து கொடுத்ததன் பலனை இன்னொருவர் அனுபவித்தால் ஈடு கொடுத்தாக வேண்டும். ஹோர்டிங்கின் போட்டோ உங்களிடம் இருக்கிறது, பலன் அனுபவித்ததற்கு அதுவே சாட்சி.

இந்த வாரமே செய்ய வேண்டியவை இவை. வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். வாய்ஸ் நோட்டுகளையும் சேர்த்து எடுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ன்படி மின்னணுச் சான்றோடு ஒரு சான்றிதழும் தர வேண்டும். அதற்கு அந்தப் போன் உங்கள் கையில் இருப்பது நல்லது. எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்து வருமான வரி இணையதளத்தில், உங்கள் பெயரில் மற்றவர்கள் பிடித்துக் கட்டிய வரியைக் காட்டும் கணக்கை (26ஏஎஸ் படிவம் என்பார்கள்) திறந்து பாருங்கள். பலர் இதைத் தவறவிடுகிறார்கள். நகைக் கடை ஒரு கம்பெனியாகவோ, கணக்குத் தணிக்கைக்கு உட்பட்டதாகவோ இருந்தால், உங்கள் பில்லைச் செலவாகக் கணக்கில் ஏற்றும்போதே, பணம் கொடுக்காவிட்டாலும், டிடிஎஸ் (பணம் தருபவரே பிடித்துக் கட்டும் வரி) பிடித்துக் கட்ட வேண்டும். உங்கள் பான் எண்ணில் அவர்கள் பெயரில் 10 சதவீதமான 6,800 ரூபாய் ஏறியிருந்தால், '68,000 தர வேண்டியிருக்கிறது' என்று அவர்களே அரசிடம் எழுதிக் கொடுத்தது போலத்தான். அந்தப் பக்கத்தை டவுன்லோட் செய்து வையுங்கள். ஏறவில்லை என்றால் கவலை வேண்டாம், பில்லை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை என்று மட்டுமே அதற்குப் பொருள்.

பிறகு மெயில். உங்களோடு பேசும் மார்க்கெட்டிங் ஆளுக்கு மட்டும் போடாமல், கணக்குப் பிரிவுக்கும் உரிமையாளருக்கும் சேர்த்து அனுப்புங்கள். கோபம் இல்லாமல், எண்ணும் தேதியும் மட்டும் இருந்தால் போதும்:

'அட்சய திருதியை விளம்பரத்துக்கான எழுத்து வேலை ஏப்ரல் ___-ம் தேதி முடித்துத் தரப்பட்டது. ஒப்புக்கொண்ட தொகை ரூ.68,000. இன்வாய்ஸ் எண் ___ இணைப்பில் உள்ளது. வேலை பயன்படுத்தப்பட்டதற்கான படங்களும் இணைப்பில் உள்ளன. இந்த மெயில் கிடைத்த 10 நாட்களுக்குள் தொகையைச் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். தொகையில் ஆட்சேபம் இருந்தால் அதே 10 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.'

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஆட்சேபம் சொல்ல வாய்ப்புக் கொடுத்தும் சொல்லவில்லை என்றால், பின்னாளில் 'வேலை சரியில்லை' என்று அவர்கள் சொல்வது எளிதில் எடுபடாது. 'அடுத்த வாரம் அனுப்பறோம்' என்று பதில் வந்தாலும் லாபம்தான். பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டாகிவிட்டது.

பத்து நாளில் பணம் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ். அதற்கும் அசையவில்லை என்றால் நேராக வழக்குக்குப் போகாமல், கோவை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனுக் கொடுங்கள். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987-ன்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. நல்ல சம்பளம் வாங்குகிறோமே, நமக்கு எப்படி என்று தயங்க வேண்டாம். பண வசூல் வழக்குக்கான காலக்கெடு மூன்று வருடம், இதில் ஐந்து மாதம்தான் போயிருக்கிறது. நேரம் இருக்கிறது. ஆனால் கடையில் உங்களோடு பேசிய அந்த மார்க்கெட்டிங் ஆள் வேலை மாறிப் போவதற்குள் மெயில் போய்விட வேண்டும்.

அந்த நான்கு சொல் யாருடையது?

நீங்கள் காப்புரிமை என்று எழுதியிருக்கிறீர்கள். அது கண்டுபிடிப்புகளுக்கு, அதாவது பேட்டன்ட். எழுத்துக்கு உள்ளது பதிப்புரிமை. நோட்டீஸில் இந்த இரண்டும் மாறிவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் பத்தியிலேயே உங்களை எடைபோட்டுவிடுவார்.

பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17 எழுதியவரையே முதல் உரிமையாளர் என்கிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது அந்த வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்கு. ஃப்ரீலான்ஸராக எழுதியது, வேறு விதமாக எழுதிக் கொடுக்காதவரை, உங்களுக்கு. காசு கொடுத்ததாலேயே எழுத்து கிளையன்டுக்குச் சொந்தமாகிவிடும் என்று கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். எழுதுபவர்களும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். காசு கொடுத்து எடுக்கும் போட்டோவுக்கும் ஓவியத்துக்கும் அந்த விதி இருக்கிறது. எழுத்துக்கு இல்லை. எழுத்தின் உரிமை கை மாற வேண்டுமானால் பிரிவு 19-ன்படி எழுத்திலும் உங்கள் கையெழுத்தோடும் இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று சொல்லவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள், எந்த இடத்துக்கு என்று சொல்லவில்லை என்றால் இந்தியா மட்டும்.

ஆனால் நீங்கள் மலைபோல் நம்பியிருக்கும் அந்த டேக்லைனுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு. நாலைந்து சொல் கொண்ட விளம்பர வாசகங்களுக்கு நீதிமன்றங்கள் பொதுவாகப் பதிப்புரிமை தருவதில்லை. அவை டிரேட்மார்க்கின் எல்லைக்குள் வருபவை, அந்த டிரேட்மார்க்கை வாங்கப் போவதும் கடைதான். ஆறு வெப்சைட் பக்கங்கள், இரண்டு ரேடியோ ஸ்கிரிப்ட், நீளமான போஸ்ட்கள் ஆகியவற்றில் உங்கள் உரிமை திடமாக இருக்கிறது. 'பயன்படுத்தத்தானே கொடுத்தாய்' என்று அவர்கள் வாதிடலாம், அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. அதனால் இந்த வழக்கில் பதிப்புரிமையை முன்னால் நிறுத்தாதீர்கள். பணப் பாக்கிதான் பிரதானம். நோட்டீஸின் கடைசிப் பத்தியில், 'முழுத் தொகை வரும்வரை வெப்சைட் பக்கங்களின் பதிப்புரிமை என்னிடமே உள்ளது, தொடர்ந்து பயன்படுத்த நான் சம்மதிக்கவில்லை' என்று ஒரு வரி இருந்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் வெப்சைட்டை யாரும் இறக்க விரும்புவதில்லை.

இனி எழுதும் எந்த வேலைக்கும் இந்த மூன்று வாக்கியங்கள் இல்லாமல் ஒரு வரிகூட அனுப்பாதீர்கள்:

'இந்த வேலையில் தேர்வான எழுத்துகளின் பதிப்புரிமை, முழுத் தொகையும் எழுத்தாளரின் வங்கிக் கணக்கில் சேரும் நாளில் வாடிக்கையாளருக்கு மாறும். அதற்கு முன் எந்த ஊடகத்திலும் பயன்படுத்த அனுமதி இல்லை. தேர்வாகாத வரிகளும் யோசனைகளும் எழுத்தாளருக்கே உரியவை.'

உங்கள் தொழிலுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பை என்னால் சொல்ல முடியாது. டேக்லைனுக்குச் சட்டம் தராத காவலையும் இந்த ஒப்பந்தம் தருகிறது. இதோடு 50 சதவீத முன்பணம், இரண்டு முறை திருத்தம், மூன்றாவது திருத்தத்திலிருந்து தனிக் கட்டணம், ஏழு நாளுக்குள் பதில் இல்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும் என்பவையும் இருக்கட்டும். கையெழுத்து வாங்கச் சங்கடமாக இருந்தால் மெயிலில் அனுப்பி 'சம்மதம்' என்று பதில் வாங்குங்கள். பணத்துக்கும் திருத்தத்துக்கும் அதுவே போதும். பதிப்புரிமை மாற்றத்துக்கு மட்டும் உங்கள் கையெழுத்து வேண்டும். அதைப் பணம் வந்த அன்று போட்டுக் கொடுங்கள்.

பெரிய கிளையன்ட்கள் அவர்கள் ஒப்பந்தத்தை அனுப்புவார்கள். அதில் எல்லோரும் தொகையைப் பார்ப்பார்கள், நீங்கள் நஷ்ட ஈட்டுப் பிரிவைப் பாருங்கள். 'இந்த எழுத்தால் எந்த வழக்கு வந்தாலும் முழு நஷ்டத்தையும் எழுத்தாளர் ஏற்பார்' என்று எல்லை இல்லாமல் இருந்தால் கையெழுத்துப் போடக் கூடாது. 'இந்த வேலைக்காக எழுத்தாளர் பெற்ற தொகைக்கு மிகாமல்' என்று சேர்க்கச் சொல்லுங்கள். அவர்கள் கொடுத்த தகவலால் வந்த வழக்கு அவர்களுடையது என்றும் சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஏஐ கருவி பயன்படுத்தவில்லை என்ற உறுதிமொழியும் இப்போது பல ஒப்பந்தங்களில் வருகிறது. பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதில் கையெழுத்திடாதீர்கள். எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

உத்யம், ஜிஎஸ்டி, வரி

உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பானும் போதும். 'நாங்கள் செய்து தருகிறோம்' என்று 2,000 கேட்கும் தனியார் தளங்களில் சிக்காதீர்கள். விளம்பரத்துக்கான தொழில் குறியீடு 73100. சேவை என்று பதியுங்கள். வியாபாரம் என்று பதிந்தால் தாமதப் பணத்துக்கான பாதுகாப்புக் கிடைக்காது. பதிந்த பின், எழுத்தில் தவணை பேசாத வேலைக்கு 15 நாளுக்குள்ளும், பேசியிருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் உங்களுக்குப் பணம் வர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. இதற்கான மத்திய அரசின் இணையதளத்தில் புகார் பதியலாம், அதை விசாரிக்கும் வசதிக் கவுன்சில் கோவையிலும் இருக்கிறது.

புகாரைவிட வேலை செய்வது வேறு ஒன்று. உத்யம் எண்ணை இன்வாய்ஸின் தலைப்பிலேயே போடுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்குக் காலக்கெடு தாண்டியும் ஆண்டுக் கடைசியில் நிற்கும் பாக்கியை, வாங்கியவர் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுக்கும் வருடத்தில்தான் காட்ட முடியும். மார்ச் மாதத்தில் அவர்களுடைய ஆடிட்டரே 'இந்தப் பொண்ணுக்குக் கொடுத்து முடியுங்க' என்று சொல்வார்.

பெங்களூரு கிளையன்டுக்கு எழுதினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமா என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சேவைக்கு, வெளிமாநிலத்துக்கானாலும், ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை கட்டாயம் இல்லை. பதிந்துகொண்டால் 18 சதவீதம் சேர்த்து பில் போட வேண்டும், கணக்கு தாக்கல் வேலையும் கூடும். சிறு கடைகள் அந்த 18-ஐப் பார்த்தே பின்வாங்கும்.

வருமான வரியில் ஒரு எச்சரிக்கை. 'ஃப்ரீலான்ஸர்தானே, 44ஏடிஏ-வில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும்' என்று, 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் ஒரு பிரிவைக் காட்டி, யூடியூப்பில் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தச் சலுகை சட்டம் பட்டியலிட்டிருக்கும் தொழில்களுக்கு. டாக்டர், வக்கீல், இன்ஜினீயர், ஐடி, சினிமாக் கலைஞர்கள் என்று போகும் அந்தப் பட்டியலில் விளம்பர எழுத்து என்று பெயர் சொல்லி எதுவும் இல்லை. டிடிஎஸ் பிடிப்பதற்கான பட்டியலில் மட்டும் விளம்பரத் தொழில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று எண்ணித்தான் பலர் சிக்குகிறார்கள். முதல் வருடம் ஆடிட்டர் ஒருவரிடம் கேட்டுத் தாக்கல் செய்யுங்கள். நெட், லேப்டாப், சாஃப்ட்வேர் பில்களை மாதவாரியாகச் சேர்த்து வையுங்கள். வருமானம் குறைவாக இருந்து வரியே வராவிட்டாலும், பிடித்த 10 சதவீதம் திரும்பி வரக் கணக்கு தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

வார்த்தைக்கு ஒன்றேகால் ரூபாய்

உங்கள் ரேட்டில் கணக்குப் போட்டால் காந்திபுரத்தில் நின்ற அந்த நான்கு சொல்லுக்கு ஐந்து ரூபாய் வருகிறது. வார்த்தைக் கணக்கு மொழிபெயர்ப்புக்குப் பொருந்தும், நீளமான வலைப்பதிவுக்கும் ஓரளவு பொருந்தும். விளம்பர எழுத்தில் வேலையே வார்த்தையைக் குறைப்பதுதான். நன்றாகச் செய்யச் செய்ய உங்கள் கூலி குறையும் ஒரு கணக்கை நீங்களே ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

வேலையை விட்ட பின் மாதம் 55,000 கைக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய சம்பளத்தோடு பிஎஃப், இன்ஷூரன்ஸ், லீவு எல்லாவற்றையும் இனி நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால்தான் இந்தத் தொகை. வருடத்துக்கு 6,60,000. லேப்டாப், நெட், ஆடிட்டர், மின்சாரம் என்று 60,000. ஆக 7,20,000. சனி, ஞாயிறு, பண்டிகை, உடம்புக்கு முடியாத நாட்கள் போக வருடத்தில் 230 வேலை நாள் இருக்கும். அதில் பாதி நாள்தான் காசு வரும் எழுத்து. மீதிப் பாதி கிளையன்டைத் தேடுவது, கொட்டேஷன், பில், பாக்கி கேட்பது. 120 நாள் என்று தாராளமாகவே வைத்தாலும் ஒரு நாள் மதிப்பு 6,000 ரூபாய் வருகிறது.

இந்த எண்ணைக் கிளையன்டிடம் சொல்ல வேண்டாம், உங்கள் நோட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு வேலையையும் நாளாக உடைத்துப் பாருங்கள். ஒரு லேண்டிங் பேஜ் (விளம்பரத்தைக் கிளிக் செய்தால் திறக்கும் பக்கம்) என்றால், உரிமையாளரிடம் பேசுவதும் வாடிக்கையாளர் ரிவ்யூக்களைப் படிப்பதும் ஒரு நாள், எழுத ஒரு நாள், திருத்த அரை நாள். இரண்டரை நாள், 15,000. டேக்லைன் என்றால் எழுபது எண்பது வரி எழுதி ஐந்தைக் காட்ட வேண்டும். மூன்று நாள், 18,000. நகைக் கடை வேலைக்கு 68,000 என்பது பதினொரு நாள். பதினொரு திருத்தத்தோடு நீங்கள் கொடுத்தது அதைவிட எவ்வளவு அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். பழைய கிளையன்ட்களுக்கு ஒரே நாளில் ரேட்டை மாற்ற முடியாது. புதியவர்களிடம் முழுத் தொகையாகப் பேசத் தொடங்குங்கள். பழையவர்களில் யார் நிற்கிறார்கள் என்று ஆறு மாதத்தில் தெரிந்துவிடும்.

மூலிகைப் பொடி

இதைத் தொடாதீர்கள். மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் (ஆட்சேபகர விளம்பரங்கள்) சட்டம் 1954, சர்க்கரை நோய் உட்படப் பட்டியலிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் விளம்பரத்தைத் தடை செய்கிறது. விளம்பரத்தின் வெளியீட்டில் 'எந்தவொரு பங்கும்' வகிப்பதையே அது தடை செய்கிறது. 'அவங்க சொன்னாங்க, நான் எழுதினேன்' என்பது காப்பாற்றாது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறும் ஒருவருடைய கண்ணும் காலும் போகக்கூடும். உங்கள் வீட்டிலேயே சர்க்கரை நோய் இருக்கிறது, இதை நான் விளக்க வேண்டியதில்லை.

திருப்பூர் ரீடெய்னரும் ஏஜென்சியின் இரண்டு ஆண்டுத் தடையும்

நீங்கள் பயப்படும் அளவுக்கு அந்தத் தடை வலுவானதல்ல. ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 27, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும்போது போட்டி வேலை செய்யாதே என்பது செல்லும். விலகிய பின் செய்யாதே என்பதை நமது நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் மூன்று விஷயம் உங்களுக்கு எதிராகத் திரும்பும். அலுவலகத்தில் இருந்துகொண்டே அவர்களுக்கு எழுதுவது. ஏஜென்சியின் ரேட், திட்டம், ஃபைல்களை எடுத்துக்கொண்டு போவது. இன்னும் ஏஜென்சியிடம் இருக்கும் கிளையன்ட்களை இழுப்பது. திருப்பூர் பிராண்ட் ஒரு வருடம் முன்பே விலகியது என்பது உங்களுக்குச் சாதகம். அவர்களாகவே அழைத்த மெயிலைப் பத்திரமாக வையுங்கள்.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றையும் கேட்கிறேன். இந்த இரண்டு வருடமும் வெளி வேலையை எந்த லேப்டாப்பில் எழுதினீர்கள்? அலுவலக லேப்டாப் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். வேலையில் இருக்கும்போது வெளி வேலை கூடாது என்ற பிரிவு நியமனக் கடிதத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஏஜென்சியே உங்கள் வெளி எழுத்தின் மீது உரிமை கேட்கும் வாய்ப்பு உண்டு. ஏஜென்சிக்காக எழுதியவற்றை உங்கள் போர்ட்ஃபோலியோவில் வைக்க அவர்களின் அனுமதி வேண்டும். முகம் கோணாமல் விலகினால் அது கிடைக்கும்.

ரீடெய்னர் விதிகள்தான் எனக்குப் பிடிக்கவில்லை. காலை 10 முதல் மாலை 6 வரை ஆன்லைனில் இருக்க வேண்டும், கன்டென்ட் 'எவ்வளவு வந்தாலும்', வேறு குழந்தைகள் பிராண்டுக்கு எழுதக் கூடாது என்கிறார்கள். இது பிஎஃப்பும் லீவும் இல்லாத வேலை, அதுவும் இன்றைய சம்பளத்தைவிட 7,000 குறைவாக. உங்கள் ஒரு நாள் மதிப்பில் 35,000 என்பது மாதம் ஆறு நாளைக்கும் குறைவு. ஆகவே எண்ணிக்கை பேசுங்கள்: மாதம் 12 போஸ்ட், 2 மெயில், ஒரு தயாரிப்புப் பக்கம் என்று. பணம் ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதிக்குள் முன்கூட்டியே. பயன்படுத்தாத எண்ணிக்கை அடுத்த மாதத்துக்கு நகராது. யார் விலகினாலும் 30 நாள் முன்னறிவிப்பு. வேறு பிராண்டுக்கு எழுதக் கூடாது என்றால் அதற்குத் தனித் தொகை. ஒத்துக்கொண்டால் நல்ல கிளையன்ட். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர்கள் தேடுவது பிஎஃப்பும் லீவும் கொடுக்க வேண்டாத ஓர் ஊழியரை.

டிராஃப்டில் இருக்கும் மெயில்

இன்று அனுப்பாதீர்கள். ஐந்து வருடம் முடிந்தால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, கிடைக்கும். உங்கள் அடிப்படைச் சம்பளம் 24,000 என்கிறீர்கள். 24,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஐந்து வருடத்துக்குப் போட்டால் 69,230 ரூபாய். நகைக் கடை வைத்திருக்கும் பாக்கியைவிட அதிகம். ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், நிறுவனங்கள் அதை உடனே ஏற்பதில்லை. ஏன் அதற்கும் ஒரு சண்டை? உங்கள் நோட்டீஸ் காலம் 60 நாள். அதுவும் பணிக்காலம்தான். டிசம்பர் 15-ம் தேதி ராஜினாமா கொடுத்தால் கடைசி நாள் பிப்ரவரி 13. ஐந்து வருடம் தாண்டிவிடும்.

இடையில் இருக்கும் இந்த மாதங்களில் அம்மாவுக்கான இன்ஷூரன்ஸைப் பார்த்துவிடுங்கள். குரூப் பாலிசியிலிருந்து அதே நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறினால், முன்பே இருக்கும் நோய்க்குப் பணம் கேட்பதற்கு முன் கழிய வேண்டிய காத்திருப்புக் காலத்தில் ஏற்கெனவே கழிந்ததைக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று எச்ஆரிடம் கேட்காமல் நேராக இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். வேலையில் இருக்கும்போதே அதற்கு விண்ணப்பிப்பது நல்லது, விலகிய பின் கேட்டால் புதிதாக வரிசையில் நிற்க வேண்டி வரலாம். பிஎஃப் பணத்தைத் தொழில் முதலாக எடுக்காதீர்கள். சேமிப்பு ஆறு மாதச் செலவான 2,28,000-ஐ எட்ட வேண்டும். இப்போதைய வெளி வருமானத்தைத் தொடாமல் வைத்து, 68,000-ஐயும் கிராஜுவிட்டியையும் சேர்த்தால் பிப்ரவரி இறுதியில் அதைத் தாண்டிவிடுவீர்கள். நகைக் கடைப் பணம் அதற்குள் வராவிட்டால், அந்தத் தொகை அளவுக்கு ரீடெய்னரிலிருந்து இரண்டு மாத முன்பணம் கேட்டுப் பாருங்கள். அதுவும் இல்லை என்றால் ராஜினாமாவை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள்.

இன்று மாலை அனுப்ப வேண்டிய மெயில் ஒன்றுதான், நகைக் கடைக்கு. அதற்கு முன் போனிலிருந்து அந்த வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். வாய்ஸ் நோட்டுகளோடு.